மண்ணிடம் பட்ட கடனை யார் அடைப்பது?

புனே மாநகரின் வடகிழக்கில், ஆலந்தி சாலையில் அமைந்துள்ளது விஷ்ராந்த்வாடி. மராத்தியில் 'வாடி' என்றால் சிற்றூர். இன்று அங்கே சிற்றூருக்கான அடையாளம் எதுவும் எஞ்சவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளும் குடிசைப் பகுதிகளும் நெரிசல் மிகுந்த சாலைகளுமாக அது மாநகரோடு கலந்துவிட்டது. அருகிலுள்ள லோஹேகாவ் போன்ற கிராமங்களும் 2017ஆம் ஆண்டு மாநகராட்சியுடன் முழுமையாக இணைக்கப்பட்டன. 2021இல் மேலும் 23 கிராமங்கள் சேர்க்கப்பட்டன. நகரம் விரிய விரிய விளைநிலம் பின்வாங்குகிறது.

ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை கிராமம் விஷ்ராந்த்வாடிக்கே வந்து சேர்கிறது. ஆலந்தியிலிருந்து பண்டரிபுரம் செல்லும் ஞானேஸ்வரர் பல்லக்கு இவ்வழியாகத்தான் புனே நகருக்குள் நுழைகிறது. அதன் பின்னே நடக்கும் லட்சக்கணக்கானோரில் மராத்வாடாவிலிருந்தும் விதர்பாவிலிருந்தும் வரும் சிறு விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் ஏராளம். விதைப்பை முடித்துவிட்டோ, மழையை எதிர்பார்த்தோ, கடனைச் சுமந்தோ அவர்கள் நடக்கிறார்கள். நாட்டிலேயே விவசாயத் தற்கொலைகள் அதிகம் பதிவாகும் மாநிலம் மகாராஷ்டிரம் என்பதைத் தேசியக் குற்றப் பதிவேடு ஆண்டுதோறும் உறுதிசெய்து வருகிறது.

அவர்கள் விளைவித்த சோளமும் பருப்பும் காய்கறியும் சர்க்கரையும் ஆண்டு முழுவதும் இதே சாலைகள் வழியே நகருக்குள் வருகின்றன. அந்த விளைபொருளோடு மண்ணின் தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சேர்ந்தே வருகின்றன. அவை திரும்பிச் செல்வதில்லை. ஒரு பகுதி குப்பையாகிறது. ஒரு பகுதி கழிவுநீராகி முளா-முட்டா ஆறுகளில் கலந்து, பீமா ஆற்றில் சேர்ந்து, உஜனி நீர்த்தேக்கத்தில் பாசியாகப் படர்கிறது. அந்தப் பீமாவின் கரையில்தான் பண்டரிபுரம் இருக்கிறது. வயலுக்குத் திரும்பியிருந்தால் உரமாகியிருக்க வேண்டியது, ஆற்றில் நஞ்சாகிறது. வயலோ ஆண்டுதோறும் கடைச் சரக்கான உரத்தை நோக்கிக் கையேந்துகிறது.

உழவைக் குறைத்தல், இயற்கை உரங்களைப் பெருக்குதல், நீடித்து நிற்கும் பயிர்த்தொழில் ஆகியவை குறித்து இன்று அரசும் பெருநிறுவனங்களும் அன்றாடம் பேசுகின்றன. அந்தப் பேச்சில் வராத கேள்வி ஒன்று உண்டு. மண்ணிடம் பட்ட இந்தக் கடனைப் பட்டது யார்? அதை அடைக்கப்போவது யார்?

மார்க்ஸ் கண்ட முறிவு

இந்தக் கேள்வி உழைக்கும் வர்க்க இயக்கத்துக்குப் புதிதல்ல. ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக்கின் ஆய்வுகளை ஊன்றிப் படித்த மார்க்ஸ், 1867இல் வெளியான 'மூலதனம்' முதல் தொகுதியிலேயே இதை எழுப்பினார். முதலாளித்துவ வேளாண்மையின் முன்னேற்றம் உழைப்பாளியை மட்டுமல்ல, மண்ணையும் சூறையாடும் கலையில் ஏற்படும் முன்னேற்றமே என்பது அவருடைய முடிவு. மனிதர் உணவாகவும் உடையாகவும் நுகர்ந்தவை மண்ணுக்குத் திரும்பாமல் நகரங்களில் குவிவதால், மனிதருக்கும் நிலத்துக்கும் இடையிலான பரிமாற்றம் முறிந்துபோகிறது என்று அவர் விளக்கினார். லண்டன் மாநகரின் கழிவு தேம்ஸ் ஆற்றைக் கெடுப்பதற்கே பெரும் பணம் செலவிடப்படுவதை மூன்றாம் தொகுதியில் சுட்டிக்காட்டினார்.

செயற்கை உரம் வந்துவிட்ட பிறகு இந்த வாதம் காலாவதியாகிவிட்டது என்று சிலர் வாதிட்டபோது, 1901இல் லெனின் அதற்கு விடையளித்தார். செயற்கை உரத்தால் இயற்கை உரத்தை ஈடுசெய்ய முடிகிறது என்பதால், இயற்கை உரத்தை வீணாக்கி ஆற்றையும் காற்றையும் கெடுக்கும் முறை அறிவுடையதாகிவிடாது என்பதே அந்த விடையின் சாரம். தேம்ஸ் இருந்த இடத்தில் முளா-முட்டாவை வைத்துப் பார்த்தால் போதும். வாதம் அப்படியே பொருந்தும்.

புனே மண்ணில் இதைப் பேசிய முன்னோடி ஜோதிராவ் புலே. 1880களின் தொடக்கத்தில் அவர் எழுதிய 'உழவனின் சாட்டை' என்ற நூல், உழவன் ஏன் ஏழையானான் என்பதை மண்ணின் வளத்தோடு இணைத்து ஆராய்கிறது. காலனி அரசின் வனத்துறை மேய்ச்சல் நிலங்களைப் பறித்ததால் கால்நடைகள் குறைந்தன. கால்நடை குறைந்ததால் எரு குறைந்தது. எரு குறைந்ததால் விளைச்சல் குறைந்தது என்று காரண காரியத்தோடு அவர் காட்டினார். மலைச்சரிவின் இலைதழைச் சத்து வயலில் தங்கும்படி அரசே வரப்புகளும் அணைகளும் அமைக்க வேண்டும் என்று கோரினார். 1875இல் இதே புனே மாவட்டத்தின் சூபே ஊரில் வட்டிக் கணக்கேடுகளைக் கொளுத்தித் தொடங்கிய தக்காணக் கலகத்தின் சூடு ஆறாத காலம் அது. மண்ணின் வறுமையும் உழவனின் வறுமையும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள் என்பதைப் புலே அன்றே உணர்ந்திருந்தார்.

அறிவியல் சொல்வது என்ன?

உழவு என்பதே வேளாண்மையின் அடையாளமாகக் கருதப்பட்டு வந்துள்ளது. களையை அடக்கவும், விதை ஊன்ற மண்ணைப் பொலபொலப்பாக்கவும், மழைநீரை உள்ளே இறக்கவும் உழவு தேவைப்பட்டது. ஆனால் மாட்டு ஏர் கீறிய உழவு வேறு. டிராக்டரில் பூட்டிய ரோட்டவேட்டர் ஆண்டுக்குப் பலமுறை மண்ணை மாவாக்குவது வேறு. மண் புரட்டப்படும்போதெல்லாம் அதிலுள்ள மட்கு காற்றோடு கலந்து விரைவாகச் சிதைகிறது. மண் துகள்களைப் பிணைத்து வைத்திருக்கும் பூஞ்சை இழைகள் அறுபடுகின்றன. மண்புழுவின் வளைகள் மூடப்படுகின்றன. மேல்மண் தூளாக, அடிமண் இறுகிப் பாறைபோலாகிறது. முதல் பெருமழையில் தூள் கரைந்து ஓடுகிறது. அடுத்த வறட்சியில் வேர் இறங்க வழியின்றிப் பயிர் வாடுகிறது.

கரிமச்சத்து 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அது வளம் குன்றிய மண் என்பது மண் ஆய்வுக்கூடங்களின் அளவுகோல். இந்திய விளைநிலங்களில் பெரும்பரப்பு இன்று அந்தக் கோட்டுக்குக் கீழேதான் கிடக்கிறது. கரிமச்சத்து இல்லாத மண்ணில் போடும் யூரியாவும் தங்குவதில்லை. காற்றிலும் நிலத்தடி நீரிலும் கலந்துவிடுகிறது. அதனால்தான் அதே விளைச்சலுக்கு ஆண்டுதோறும் கூடுதல் மூட்டை தேவைப்படுகிறது.

இதற்கு மாற்று ஏட்டளவில் இல்லை, களத்தில் உள்ளது. காவிரிப் படுகை விவசாயிகள், சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாட்கள் முன்பு, நிற்கும் நெற்பயிருக்குள்ளேயே ஈரத்தில் உளுந்தையும் பயறையும் தெளித்து வந்தார்கள். உழவு இல்லை, உரச் செலவும் பெரிதாக இல்லை. எஞ்சிய ஈரத்திலேயே ஒரு பருப்பு விளைச்சல் கிடைக்கும், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். உழவில்லா விதைப்பு என்று இன்று ஆய்வேடுகள் புகழ்வதை நெல் தரிசு உளுந்து என்ற பெயரில் தஞ்சைத் தரணி நெடுங்காலமாகச் செய்து வந்தது. அறுவடை இயந்திரத்தின் சங்கிலிச் சக்கரம் இளம் பயிரை நசுக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பழக்கம் நலிந்தது.

மகாராஷ்டிரத்தின் ராய்கட் மாவட்டத்திலுள்ள நேரலில் சந்திரசேகர் பட்சாவளே உருவாக்கிய 'சகுணா' நெல் சாகுபடி முறை மற்றொரு சான்று. நிலையான மேட்டுப்பாத்திகளை ஒருமுறை அமைத்துவிட்டால் பிறகு உழவு, சேற்றுழவு, நாற்று நடவு மூன்றும் கிடையாது. அறுவடைக்குப் பின் வேரைப் பிடுங்காமல் மண்ணிலேயே மட்க விட்டு, அதே பாத்தியில் அடுத்து அவரையோ நிலக்கடலையோ ஊன்றுகிறார்கள்.

புனே மாவட்டத்திலேயே, பாராமதி அருகே மாளேகாவில் இயங்கும் பொதுத்துறை ஆய்வு நிறுவனமான தேசிய உயிரற்ற அழுத்த மேலாண்மை நிறுவனம், கரும்புச் சோகையைக் கொளுத்தாமல் வயலிலேயே மூடாக்காக விட்டபடி மறுதாம்புப் பயிரைப் பராமரிக்க ஒரு கருவியை வடிவமைத்துள்ளது. கட்டையைச் சீவுதல், பக்கவாட்டு மண்ணை அணைத்து விலக்குதல், பழைய வேரை நறுக்குதல், உரத்தை மண்ணுக்குள் இடுதல் ஆகிய நான்கு வேலைகளையும் அது ஒரே ஓட்டத்தில் செய்கிறது. ஒரு ஹெக்டேர் கரும்பில் ஏறத்தாழ பத்து டன் சோகை மிஞ்சும். அதைக் கொளுத்தினால் புகை. விட்டுவைத்தால் உரமும் ஈரக்காப்பும். பொதுப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி உழவரின் உண்மையான சிக்கலிலிருந்து தொடங்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கணக்கை மறைக்கக் கூடாது

எனினும், உழவை நிறுத்திவிட்டு எருவைக் கொட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வது உழவரை ஏமாற்றுவதாகும். எளிய கணக்கொன்றைப் பார்க்கலாம். 45 கிலோ எடையுள்ள ஒரு மூட்டை யூரியாவில் 46 விழுக்காடு, அதாவது சுமார் 20 கிலோ தழைச்சத்து உள்ளது. நன்கு மட்கிய தொழுவுரத்தில் இருப்பதோ அரை விழுக்காடுதான். ஒரு டன்னுக்கு ஐந்து கிலோ. ஒரு மூட்டை யூரியா தருவதைத் தர நான்கு டன் எரு வேண்டும். ஒரு ஹெக்டேர் நெல்லுக்குப் பரிந்துரைக்கப்படும் 150 கிலோ தழைச்சத்தை எருவிலிருந்து மட்டுமே எடுப்பதானால் 30 டன் தேவை. ஒரு மாடு நாளொன்றுக்குப் பத்து கிலோ சாணமிடும் என்று கொண்டால், அது மட்கிச் சுருங்கிய பிறகு 30 டன் எருவுக்குப் பதினைந்துக்கும் மேற்பட்ட மாடுகள் வேண்டும். எருவிலுள்ள சத்து முழுவதும் முதல் ஆண்டிலேயே பயிருக்குக் கிடைப்பதுமில்லை.

ஆகவே எருவோடு பசுந்தாள் உரமும், பயறு வகைச் சுழற்சியும், மூடாக்கும் இணைய வேண்டும். தக்கைப்பூண்டையோ சணப்பையோ ஒன்றரை மாதம் வளர்த்து மடக்கினால், நல்ல வளர்ச்சியில் ஹெக்டேருக்கு 60 கிலோவுக்கும் கூடுதலான தழைச்சத்து சேரும். ஆனால் அதை மடக்கி உழவும் ஓர் உழவு தேவை. கரிசல் நிலத்துக்கு உகந்தது செம்மண்ணுக்குப் பொருந்தாது. மானாவாரியில் சோளத்தட்டையை மூடாக்காக விட்டால் மாட்டுக்குத் தீவனம் எங்கே என்று மராத்வாடா உழவர் கேட்கும் கேள்விக்கு விடை வேண்டும். உழவைக் குறைத்த முதல் சில ஆண்டுகளில் களை பெருகுவதும் விளைச்சல் சரிவதும் பல இடங்களில் நேர்கின்றன. உழவைவிட எருவே நன்று என்று உணர்ந்து சொன்ன வள்ளுவரும் அதோடு நிறுத்தாமல் களை எடுப்பதையும் நீரையும் காவலையும் சேர்த்தே எண்ணினார். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவது வேளாண்மை ஆகாது.

தயாரிப்பின்றிப் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதை இலங்கை உலகுக்குக் காட்டியது. 2021 மே மாதம் கோத்தபய ராஜபக்ச அரசு வேதியியல் உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் தடைசெய்தது. இயற்கை வேளாண்மை என்று பெயர் சூட்டப்பட்டாலும், அந்நியச் செலாவணி நெருக்கடியின் சுமையை உழவர் தலையில் இறக்கியதே அதன் உள்ளடக்கம். நெல்லும் தேயிலையும் கடுமையாக வீழ்ந்தன. நவம்பரில் தடை கைவிடப்பட்டது. அதற்குள் தமிழரும் சிங்களரும் ஆகிய சிறு விவசாயிகள் ஒரு போகத்தையே இழந்திருந்தனர்.

கியூபாவின் அனுபவம் வேறு. சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் உரமும் எண்ணெயும் வருவது நின்றுபோனபோது, அந்நாடும் நெருக்கடியால்தான் இயற்கை உரத்துக்குத் திரும்பியது. ஆனால் அங்கே அரசு ஒதுங்கிக்கொள்ளவில்லை. 1993இல் அரசுப் பண்ணைகளின் பெரும் பகுதி கூட்டுறவுகளாக்கப்பட்டது, ஏர்மாடுகள் பெருக்கப்பட்டன, மண்புழு உர மையங்கள் அமைந்தன, ஹவானாவின் காலி மனைகளில் காய்கறித் தோட்டங்கள் எழுந்தன. தடையின் நெருக்குதலால் கியூபா இன்றும் கணிசமான உணவை இறக்குமதி செய்கிறது என்பது உண்மை. எனினும் சுமையைச் சமூகம் பகிர்ந்துகொண்டது என்பதே அங்கிருந்து கற்க வேண்டிய பாடம்.

ஒன்றிய அரசின் 'இயற்கை'ப் பற்று

இந்தப் பின்னணியில்தான் ஒன்றிய அரசின் திட்டங்களை எடைபோட வேண்டும். 2010 ஏப்ரலில் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு கொண்டுவந்த சத்து அடிப்படையிலான மானியக் கொள்கை, யூரியாவைத் தவிர்த்த உரங்களின் விலையை நிறுவனங்களின் கையில் ஒப்படைத்தது. டிஏபி, பொட்டாஷ் விலைகள் எகிறின. விலை குறைந்த யூரியாவை மட்டுமே வாங்க முடிந்த ஏழை உழவர் அதையே கூடுதலாகப் போட்டார். மண்ணின் சத்துச் சமநிலை குலைந்ததற்கு உழவரின் அறியாமை காரணமல்ல. விலைக் கொள்கையே காரணம். பின்னர் வந்த பாஜக அரசு அக்கொள்கையை மாற்றவில்லை.

2022–23இல் உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாயை எட்டியது. பொட்டாஷ் முழுவதும் இறக்குமதி. யூரியா ஆலைகளை இயக்கும் எரிவாயுவிலும் பெரும்பகுதி இறக்குமதி. இச்செலவைக் குறைக்கும் நோக்கில் 2023 ஜூனில் 'பிஎம் பிரணாம்' திட்டம் வந்தது. உரப் பயன்பாட்டைக் குறைக்கும் மாநிலங்களுக்கு, மிச்சமாகும் மானியத்தில் பாதி வழங்கப்படும் என்கிறது அது. மண்ணில் கரிமச்சத்து எவ்வளவு கூடியது என்பதற்குப் பரிசு இல்லை; மூட்டை எவ்வளவு குறைந்தது என்பதற்கே பரிசு. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற தேசிய இயற்கை வேளாண்மை இயக்கம் ஒரு கோடி உழவர்களைச் சென்றடையும் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கான மொத்த ஒதுக்கீடு 2,481 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஓர் உழவருக்கு 2,500 ரூபாய்கூடத் தேறாது. விளைச்சல் சரியும் ஆண்டுகளை ஒரு குடும்பம் கடப்பதற்கு இது போதுமா?

பசுவின் பெயரால் ஆட்சி நடத்துவோர், எருவின் ஊற்றான கால்நடை வளர்ப்பையே முடக்கியதும் குறிப்பிடத்தக்கது. மகாராஷ்டிரத்தில் 2015இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் எருதையும் காளையையும் வெட்டுவதைத் தடைசெய்தது. வேலைக்கு உதவாத எருதை விற்று அந்தப் பணத்தோடு இளம் காளை வாங்கும் சுழற்சி உடைந்தது. வறட்சி ஆண்டில் தீவனம் வாங்கவே வழியில்லாத உழவர் மாடு வளர்ப்பதையே கைவிடுகிறார். 2012க்கும் 2019க்கும் இடையே நாட்டு மாடுகளின் எண்ணிக்கை நாடளவில் 6 விழுக்காடு குறைந்ததைக் கால்நடைக் கணக்கெடுப்பே கூறுகிறது. தொழுவத்தைக் காலி செய்துவிட்டுத் தொழுவுரத்தைப் போற்றுவது என்ன நேர்மை?

உழைப்பாளியின் இடம்

மாற்று வேளாண்மை பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறவர் நிலமற்ற விவசாயத் தொழிலாளி. உழவும் நடவும் இல்லாத சாகுபடி, நில உடைமையாளருக்குச் செலவு மிச்சம். நடவுக் கூலியை நம்பிய பெண்களுக்கு வேலை இழப்பு. களையைக் கையால் எடுத்தால் அவர்களுக்கு வேலை கிடைக்கும். ஆனால் நடைமுறையில் உழவில்லாச் சாகுபடி பல இடங்களில் கிளைபோசேட் போன்ற களைக்கொல்லிகளைச் சார்ந்து நிற்கிறது. சகுணா முறையும் இதற்கு விலக்கல்ல. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசே கிளைபோசேட் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2017இல் யவத்மாலில் பருத்தி வயல்களில் பூச்சிக்கொல்லி தெளித்தபோது நஞ்சேறி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மகாராஷ்டிரம் மறந்துவிடவில்லை. கலப்பையின் இடத்தில் நஞ்சுக் குப்பியை வைத்துவிட்டு அதற்குச் சூழல் காப்பு என்று பெயர் சூட்ட முடியாது.

குத்தகை விவசாயியின் நிலையும் அத்தகையதே. மண்ணில் இடும் எருவின் பலன் மூன்று நான்கு ஆண்டுகளில்தான் முழுமையாகத் தெரியும். அடுத்த ஆண்டு அந்த நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவர் எதற்காக மண்ணில் முதலிடுவார்? இயற்கை விளைபொருள் சான்றிதழுக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நில ஆவணமும் கட்டணமும் வேண்டும். 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி 86 விழுக்காடு உழவர்கள் இரண்டு ஹெக்டேருக்கும் குறைவான நிலமுள்ளவர்கள். அவர்களைக் கூட்டாகத் திரட்டாமல் தனித்தனியே சந்தையில் நிறுத்தினால், 'ஆர்கானிக்' முத்திரையின் லாபம் வணிகக் கழகங்களுக்கே போகும்.

இந்தச் சங்கிலியில் முதல் கண்ணியாக இருப்பவர்கள் நகரத்தில் இருக்கிறார்கள். புனேயில் நாளொன்றுக்கு 2,000 டன்னுக்கும் மேல் குப்பை சேர்கிறது. பல பத்தாண்டுகளாக அது உருளி தேவாச்சி, புர்சுங்கி கிராமங்களில் கொட்டப்பட்டது, கிணறுகள் கெட்டன, கிராம மக்கள் குப்பை லாரிகளை மறித்துப் போராடினர். அதே நகரில்தான் குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், 1993இல் சங்கமாகத் திரண்டனர். பின்னர் 'ஸ்வச்' கூட்டுறவை அமைத்து, வீடுவீடாகச் சென்று ஈரக்குப்பையையும் உலர்குப்பையையும் பிரித்து வாங்கும் பணியை மாநகராட்சியிடமிருந்து பெற்றனர். விஷ்ராந்த்வாடியின் ஒரு சமையலறைக் கழிவு கண்ணாடித்தூளும் பேட்டரியும் கலவாத மட்காக மாறி வயலுக்குப் போக வேண்டுமானால், அதைத் தீர்மானிப்பது வாசலில் நின்று குப்பையைப் பிரிக்கும் அந்தப் பெண்ணின் கை. மண்வளத்தின் முதல் தொழிலாளி அவரே. அந்தப் பணியைத் தனியார் ஒப்பந்ததாரரின் பெரிய லாரிகளுக்கு மாற்றிவிட முயலும் எந்தத் திட்டமும் தொழிலாளிக்கும் மண்ணுக்கும் ஒருசேரக் கேடானது.

திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016, உர நிறுவனங்கள் ஆறேழு மூட்டை வேதியியல் உரத்தோடு மூன்று நான்கு மூட்டை நகர மட்கையும் சேர்த்து விற்க வழிசெய்ய வேண்டும் என்றன. நகர மட்குக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி என்றும் அதே ஆண்டு அறிவிக்கப்பட்டது. விதி ஏட்டில் இருந்தது. குப்பை மலை கண்ணெதிரே இருக்கிறது.

செய்ய வேண்டியவை

இயற்கை உரம் என்றாலே அது பழமைவாதம் என ஒதுக்குவதும், உர மானியம் கேட்பதோடு கடமை முடிந்தது எனக் கருதுவதும் உழவர் இயக்கத்துக்கு உதவாது. மண்வளம் என்பது உழவரின் உற்பத்திச் சாதனம். அதை மீட்கும் போராட்டம் நிலத்துக்கும் கூலிக்கும் கட்டுப்படியான விலைக்கும் நடக்கும் போராட்டத்தின் பகுதி. 2018 மார்ச்சில் நாசிக்கிலிருந்து மும்பைக்கு வெடித்த பாதங்களோடு நடந்த பழங்குடி விவசாயிகள் நிலப்பட்டா கேட்டார்கள். நிலம் தன்னுடையது என்ற உறுதி கிடைத்தவர்தான் அதன் வளத்தை அடுத்த தலைமுறைக்காகக் காப்பார்.

ஆகவே கோரிக்கைகள் திட்டவட்டமாக இருக்க வேண்டும். உர மானியத்தை வெட்டாமல், அதற்கு மேலாக, மட்குக்கும் பசுந்தாள் விதைக்கும் பயறு சாகுபடிக்கும் தனி மானியம் வேண்டும். மாற்று முறைக்கு வரும் சிறு விவசாயிக்கு விளைச்சல் சரியும் ஆண்டுகளில் ஏக்கர் கணக்கில் ஈட்டுத்தொகை வேண்டும். குத்தகையாளரின் பெயரும் அதில் பதிவாக வேண்டும். பயறு வகைகளுக்கு ஆதரவு விலையும் கொள்முதலும் சட்டபூர்வமாக வேண்டும். விலை இல்லாத பயிரைச் சுழற்சியில் சேர்க்கச் சொல்வது வெறும் அறிவுரை. உழவில்லா விதைப்புக் கருவிகள் கூட்டுறவுச் சங்கங்களின் வழியே குறைந்த வாடகைக்குக் கிடைக்க வேண்டும். விவசாயப் பல்கலைக்கழகங்களின் காலிப் பணியிடங்களை நிரப்பி, ஒவ்வொரு மண்ணுக்கும் உரிய முறையைப் பொதுத்துறை ஆராய்ச்சி கண்டறிய வேண்டும்.

உரக்குழி வெட்டுதல், வரப்பு அமைத்தல், பசுந்தழை மரம் நடுதல், மூடாக்குப் பரப்புதல் ஆகியவை ஊரக வேலை உறுதியின் கீழ் விவசாயத் தொழிலாளர்களின் வேலையாக்கப்பட வேண்டும். யவத்மால் மாவட்டத்துப் பூசத் ஊரின் நாராயண் பாண்டரிபாண்டே வடிவமைத்த 'நாடெப்' உரத்தொட்டியை அப்பணிப் பட்டியலில் ஏற்கெனவே சேர்த்திருந்தார்கள். வேலை உறுதித் திட்டத்துக்கே முன்னோடியான மகாராஷ்டிரத்தில், நடவில் இழக்கும் நாட்களுக்கு ஈடான நாட்களை மண்வள வேலையில் பெறும் உரிமை விவசாயத் தொழிலாளிக்கு உண்டு. நகரங்களில் குப்பை பிரிக்கும் தொழிலாளரின் கூட்டுறவுகளுக்கு நிரந்தர ஒப்பந்தமும் நியாயமான ஊதியமும் வேண்டும். அவர்கள் தயாரிக்கும் மட்கை, தரச் சோதனை செய்து, உழவர் கூட்டுறவுகளுக்குக் கொண்டுசேர்க்கும் போக்குவரத்துச் செலவை மாநகராட்சியும் மாநில அரசும் ஏற்க வேண்டும்.

கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2010இல் இயற்கை வேளாண் கொள்கையை அறிவித்தபோது, குடும்பஸ்ரீ பெண்களின் கூட்டுச் சாகுபடிக் குழுக்கள் தரிசு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்துகொண்டிருந்தன. தமிழ்நாடு அரசும் 2023 மார்ச்சில் இயற்கை வேளாண் கொள்கையை வெளியிட்டுள்ளது. அது தனிப்பட்ட முன்மாதிரி விவசாயிகளுக்கான விருதாகச் சுருங்குமா, குத்தகை விவசாயியையும் தலித் பெண் தொழிலாளியையும் எட்டுமா என்பதை அமைப்புகளின் தலையீடே தீர்மானிக்கும். டெல்டாவில் நெல் தரிசு உளுந்தை மீட்பதும், இராமநாதபுரத்துக் கீதாரிகளின் ஆட்டுக்கிடைக்கு மேய்ச்சல் உரிமை பெறுவதும், ஊராட்சிதோறும் பசுந்தாள் விதை கேட்பதும் அந்தத் தலையீட்டின் தொடக்கமாகலாம். கட்கியிலும் தேஹு ரோட்டிலும் விஷ்ராந்த்வாடியிலும் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கும் இதில் பங்குண்டு; குப்பை பிரிக்கும் தொழிலாளரின் போராட்டத்தோடு கைகோப்பதே அவர்கள் ஊர்மண்ணுக்கும் வாழும் மண்ணுக்கும் செய்யக்கூடிய தொண்டு.

மண் தன் இழப்புக்குக் கணக்குக் கேட்டு நீதிமன்றம் போவதில்லை. விளைச்சலைக் குறைத்துக்கொண்டே வந்து, அந்தக் கணக்கை உழவரின் கடன் பத்திரத்தில் எழுதிவிடுகிறது. பலன் நகரத்துக்கும் லாபம் மூலதனத்துக்கும் போய்ச் சேர்ந்தபின் கடனை மட்டும் இரண்டு ஏக்கர் உழவர் அடைக்க வேண்டும் என்பது அநீதி. பட்டவர்கள் அடைக்கட்டும் என்று உரத்துச் சொல்லவும், அடைக்க வைக்கவும் உழவர்-தொழிலாளர் ஒற்றுமை ஒன்றாலேயே முடியும்.